குசினியில் நின்ற நாலு பேர்

அந்த வியாழக்கிழமை காலை உங்கள் குசினியில் நின்றவர்கள் நாலு பேர். வோக்கரைப் பிடித்தபடி நீங்கள். சிங்க்குக்கு முன்னால் உங்கள் தம்பியார். ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு அவருடைய மனைவி. கதவடியில், கையில் கொப்பியோடு நான். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இனி யார் எப்படி மாற்றிச் சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்று விளக்கேற்றிவிட்டு அந்தக் கொப்பியைத் திறந்தேன், அக்கா. நடுப்பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் ஊறிக் காய்ந்த இடம் இருக்கிறது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் மணக்கிறது. ஈரச் சாக்கும் வெட்டிய புல்லும் சேர்ந்த மணம். முதல் நாள் அந்த மருந்தெண்ணெய்ப் போத்தலை மோந்து பார்த்துவிட்டு நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். ஒரு கிழமை போன பிறகு கேட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"கஞ்சா எண்டால் சிரிப்பு வரும் எண்டு சொன்னவை. எனக்கு நித்திரைதான் வருது. ஏமாத்திப்போட்டாங்கள்."

அதற்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வேலிக்கு அந்தப்பக்கத்து நாய் குரைத்தது.

கடல் கடந்து வந்த இந்த மங்கரேயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். விமான நிலையத்தில் சரக்குப் பத்திரம் பார்க்கிற வேலையை நீங்கள் விட்ட வருடம் நான் அந்த வேலியால் வரத் தொடங்கினேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்ததே உங்கள் மேசையில் கிடந்த ஆஸ்பத்திரிக் கடதாசியில்தான். உடம்பே தன் நரம்பின் உறையை அரிக்கிற வருத்தம் என்று அகராதியை வைத்துக்கொண்டு விளங்கிக்கொண்டேன். கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். கால் இறுகினது எத்தனை தரம், நித்திரை எத்தனை மணி, எண்ணெய் எவ்வளவு, நடந்தது எவ்வளவு தூரம்.

டொக்டர் அந்த எண்ணெயை எழுதித் தரும்போதே தெளிவாகச் சொன்னார். இது வருத்தத்தை மாற்றாது. இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், எல்லாருக்கும் கேட்காது, மற்றதெல்லாவற்றையும் கூடவே செய்ய வேண்டும். செய்தோம். காலையில் கால்களை நீட்டி மடக்கினோம். செவ்வாய்க்கிழமைகளில் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம். வெய்யில் ஏறினால் கழுத்தில் ஈரத் துவாய். மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம். மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிப் பெண் தந்த தாளை மடித்து வைத்துவிட்டு நீங்கள் பதிகம் பாடினீர்கள். எந்த அடியில் மூச்சு அறுகிறது என்று நான் குறித்தேன். ஊசியில்லாத சின்னச் சிரிஞ்சில் அளந்து நாக்கின் கீழ் விட்டது அந்த எண்ணெய். முதல் கிழமை தலை சுற்றியது, அதையும் எழுதியிருக்கிறேன். மூன்றாம் மாதம், ஒரு இரவில் ஏழு தரம் இறுகின கால் இரண்டு தரம் இறுகியது. நீங்கள் தபால் பெட்டி வரைக்கும் நடந்து போய்க் கடிதம் எடுத்தீர்கள்.

பிறகுதான் அந்த வியாழக்கிழமை. தம்பியார் நகரத்தின் மற்றப் பக்கத்து வெஸ்ட்கேட்டிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். கோயில் நிர்வாகத்தில் தலைவராக வர நின்ற நேரம். தேருக்கு இன்னும் இரண்டு கிழமை, அன்று நீங்கள் பாட இருந்தீர்கள்.

"கஞ்சாவை வாயில வச்சுக்கொண்டு சாமிக்கு முன்னால பாடப் போறியோ?"

"டொக்டர் எழுதித் தந்த மருந்தடா."

"டொக்டருக்குக் கோயில் தெரியுமே? சனம் அறிஞ்சால் நான் அங்கை எப்பிடித் தலை நிமிர்த்துறது?"

"சிவனுக்கு இது புதுசே?" என்றீர்கள். அவருடைய மனைவிக்கே வாய்க்குள் சிரிப்பு வந்தது. அதுதான் அவருக்குச் சுட்டது. போத்தலைத் திறந்து சிங்க்கில் கவிழ்த்தார். தண்ணீரைத் திறந்துவிட்டார். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு ஒரு மூலிகைப் பொடி டின்னை மேசையில் வைத்து, "இது சுத்தமானது" என்றார்.

"அதுவும் செடிதான், இதுவும் செடிதான்" என்று மட்டும் சொன்னீர்கள்.

நான் கொப்பியைப் பிடித்தபடி கதவடியிலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போன பிறகு, டொக்டருக்குப் போன் அடிப்போம் என்றேன். "விடுங்கோ. தம்பிக்கு மனம் நோகும். தேர் முடியட்டும்" என்றீர்கள்.

கொப்பியில் அதற்குப் பிறகு ஒன்பது வரிகள். மூன்று, ஐந்து, ஆறு, ஆறு என்று ஏறி, எட்டாம் நாள் பதினொன்று. நித்திரை ஒரு மணி. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை காலை கட்டிலால் இறங்கும்போது கால்கள் ஒன்றோடொன்று பின்னி விழுந்தீர்கள். இடுப்பெலும்பு உடைந்தது. தாதிக்கு நீங்கள் சொன்னது, தரை ஈரமாக இருந்ததாம். அந்தத் தரையை முதல் நாள் துடைத்துக் காயவிட்டவள் நான். நீங்கள் சளி கட்டி மூச்சுக்குத் திணறின கிழமை தேர் ஓடியது. தம்பியார் வடம் பிடித்தார். படம் வட்ஸப்பில் எனக்கும் வந்தது.

எண்ணெய் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டீர்கள் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. கொப்பியில் உள்ளது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் கொப்பியில் உள்ளது எனக்குப் போதும்.

இப்போது, நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கக் கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், அடிக்கிறார்கள். உங்கள் வாழ்க்கைக் குறிப்பு, பதிகங்கள், கடைசிப் பக்கம் நன்றி. எழுதித் தொகுக்கச் சொல்லி அவர் கேட்டது என்னை. "நீங்கள்தான் வடிவா எழுதுவீங்கள். 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' எண்டு போட்டால் காணும்." நன்றிப் பக்கத்தை மட்டும் தானே எழுதி அனுப்பியிருக்கிறார். முதல் வரி: கண்ணை இமை காப்பதுபோல் இறுதிவரை காத்த அன்புத் தம்பி.

நேற்று மத்தியானம் அட்டைக்குப் போட உங்கள் படத்தைக் கொண்டு வந்தார். தேத்தண்ணி கேட்டார். உங்கள் வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தவை கொப்பி, சிரிஞ்ச், அந்த டின். டின்னில் இன்னும் பொடி இருந்தது. இரண்டு கரண்டி போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னது இது?" என்றார்.

"நீங்கள் கொண்டு வந்ததுதான். சுத்தமானது. அக்கா ஒன்பது நாள், காலமையும் பின்னேரமும், கோப்பையில மிச்சம் வைக்காமல் குடிச்சவா."

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பாராமல் கேட்டார்: "நீங்கள் ஏதோ கொப்பி எழுதினனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். அதைத் தந்தால் நல்லது."

"தேடிப் பாக்கிறன்" என்றேன். அது என் கைப்பைக்குள் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் போகிறேன். சுவாமிக்கு முன்னால் நிற்கிறேன், ஆனால் மன்னிக்கிற மனம் தா என்று கேட்க இன்னும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது வேண்டாம்.

நன்றிப் பக்கத்துக்குப் பதிலாக நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அன்று குசினியில் நின்ற நாலு பேருடைய பெயர்கள். ஊற்றினவர் யார், சிரித்தவர் யார், பார்த்துக்கொண்டு நின்றவள் யார். கீழே அந்த ஒன்பது வரிகள். வேறு ஒரு சொல் இல்லை. மண்டபத்தில் கல்வெட்டு கைக்கு வந்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தன் பெயரைத்தான் தேடுவார். தேடட்டும். அந்த நேரம் நான் அவருக்கு நேரே இருப்பேன். என் பெயரும் அதே பக்கத்தில் இருக்கும், அதை ஊர் வாசிப்பதில் எனக்குப் பயமில்லை.

ஒன்றுதான் கையைப் பிடிக்கிறது. ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது: "கொப்பியை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ." அது அவருக்காகவா, அந்த எண்ணெய்க்காகக் கூச்சப்பட்டா என்று நான் கேட்கவில்லை. அவரை வெளியே இழுத்தால் நீங்கள் மறைத்ததும் கூட வரும். உங்கள் சொல்லைக் காப்பாற்றினால் அவர் இமையாகவே இருந்துவிடுவார்.

பிறகு பேச்சுப் போன நாள்களில் நீங்கள் என் கையை ஒருதரம் அழுத்தினால் ஓம், இரண்டு தரம் என்றால் வேண்டாம். அவர் எழுதின பக்கமும் நான் எழுதின பக்கமும் தயார், அக்கா. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். சுணங்காமல் பதில் சொல்லுங்கோ.