வழிமொழிய ஒருத்தி

மார்ச் 3, ஞாயிறு

இன்று திருவிருந்து, இயேசுவை நினைத்து அப்பம் பகிரும் ஆராதனை. எங்கள் கோயிலில் நடுவில் ஒரு நீண்ட மேஜை. அதைச் சுற்றித்தான் எல்லோரும் உட்காருவோம். வந்தது ஏழே பேர். ஏழு பேரும் அவரவர் குடும்பத்து இடத்தில்தான் உட்கார்ந்தோம், தள்ளி உட்கார்ந்தால் பரம்பரைக்கே இழுக்கு என்பதுபோல. அப்பத் தட்டைப் பக்கத்து ஆளிடம் கைமாற்ற வேண்டும். பக்கத்தில் ஆள் எங்கே? தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜெபத்தின் நடுவில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து, தையல்காரம்மாவின் பக்கத்து நாற்காலியில் விழுந்தது. அவர் மகனுடைய இடம். அவன் இந்த ஊரை விட்டுப் போனது நல்லதாயிற்று.

மார்ச் 5, செவ்வாய்

மருந்துக்கடை அண்ணன் வீட்டுக்கு வந்தார். கோயிலைப் பூட்டிவிட்டு ஊரிலுள்ள பெரிய சபையில் சேர்ந்துவிடலாம் என்கிறார். சபையை நடத்தும் மூப்பர்களில் மிஞ்சியது அவரும் நானும்தான். அவர் முன்மொழிந்தாலும் நான் வழிமொழியாமல் எதுவும் நடக்காது. "அடுத்த தடவ நாற்காலி மேல விழாதும்மா, ஆள் மேல விழும்" என்றார்.

அந்தக் காலத்தில் பெரிய சபையின் பிஷப் தன் இஷ்டத்துக்கு ஒரு போதகரை அனுப்பினார் என்றுதான் எங்கள் குடும்பங்கள் வெளியே வந்தன. போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம், எதையும் கூடிப் பேசி முடிவெடுப்போம், தனியொரு ஆள் உத்தரவு போடக் கூடாது. பிரஸ்பிட்டேரியன் என்றால் வேறென்ன? இப்போது அதே பெரிய சபையில் போய் ஒண்டுவதா? நான் உயிரோடு இருக்கிறவரை முடியாது என்றேன். அண்ணன் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 8, வெள்ளி

கொத்தனார் வந்தார். உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். இதில் கை வைக்க முடியாது, பார்த்ததற்குக் கூலியும் வேண்டாம் என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

ஒன்றும் விழவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே பாடினோம்.

மார்ச் 17, ஞாயிறு

விழுந்துவிட்டது. தையல்காரம்மாவுக்கு வலது தோள் முறிந்துவிட்டது. இனி எந்தக் கையால் தைப்பார்? தள்ளி உட்காரச் சொன்னேனே — சொன்னேன்தானே? சொன்னேன். "இது எங்க வீட்டு இடம், நான் எங்கம்மா போறது?" என்றார். நானும் விட்டுவிட்டேன். எனக்கும் அதே வீம்புதானே.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 20, புதன்

கூட்டம். மூப்பர்கள் நாங்கள் இருவர் மட்டும்; தலைமை தாங்க வெளியூர்ப் போதகர் வந்திருந்தார். பூட்டலாம் என்று அண்ணன் முன்மொழிந்தார். யார் வழிமொழிகிறீர்கள் என்று கேட்ட போதகர், நிறையப் பேர் இருப்பதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார். இருந்தது நான் ஒருத்தி.

ஒரு பிஷப் பூட்டச் சொல்லியிருந்தால் அவரைச் சபித்தாவது மனம் ஆறியிருக்கும். எங்களுக்குத்தான் அப்படி யாரும் இல்லையே. அதற்காகத்தானே இந்தக் கோயிலையே கட்டினார்கள்?

"நான் வழிமொழியிறேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பெரிய சபைக்குப் போனேன். நல்ல கூட்டம். திருவிருந்துக்கு வரிசையாகப் போய் முழங்கால் போட வேண்டும். போதகரே ஒவ்வொருவர் கையிலும் அப்பத்தை வைக்கிறார். என்னை இடித்துக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் ஆள் இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று. அப்பத்தை வாங்கினதும் பழக்க தோஷத்தில் அவள் பக்கம் நீட்டிவிட்டேன்.

"எனக்குக் குடுத்துட்டாங்கக்கா. அது உங்களுக்கு" என்றாள்.