சாட்சியில் நான் சொல்லாதது

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதப் போன கையை நிறுத்திவிட்டேன். அம்மா சுகமாக இல்லை. பயப்படாதே என்று எழுதலாம் என்றால் நானே பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ நர்ஸ் குரலில் ஒவ்வொன்றாகக் கேட்பாய், நானும் பழக்கதோஷத்தில் எனக்கு ஒன்றுமில்லை, நீ சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவேன். பேப்பரில் பேச்சை மாற்ற ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை, ஸ்கூல் வண்டியில் இருபத்துமூன்று பிள்ளைகளும் ஏறியாகிவிட்டது. பெட்ரோல் பங்க் எனக்கு இடது பக்கம் முன்னால் தெரிந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது ஒரு லாரியின் ஹார்ன் சத்தம். பங்க் பின்னால் போயிருந்தது, வண்டி நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது, கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது, கால் ஆக்சிலரேட்டரில்தான் இருந்தது, நான் மட்டும் அங்கே இல்லை. மூன்று விநாடி இருக்கும். எப்படி ஒடித்தேன் என்று தெரியாது, லாரி உரசாமல் போய்விட்டது. பின்னால் இருந்த ஆயா, என்னக்கா இப்படிக் குலுக்குறீங்கன்னு சிரித்தாள். பிள்ளைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

உனக்குத் தெரியும், ஒவ்வொரு பிள்ளையும் படியில் கால் வைக்கும்போது அதற்காக ஒரு வரி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். பத்தொன்பது வருஷமாக, இன்றைய நாள் உம்முடையது ஆண்டவரே என்று சொல்லாமல் சாவியைத் திருப்பியதில்லை. வெள்ளிக்கிழமையும் அதையே சொல்லி, சாவியைத் திருப்பி, வண்டியை எடுத்துவிட்டேன். கேட்டாயா, மறுநாளே எடுத்துவிட்டேன். தூக்கம் குறைவு, வெறும் வயிறு, வயசு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். பெரிய விபத்திலிருந்து ஆண்டவர் காத்தார், வாழ்நாள் எவ்வளவு கொஞ்சம் என்று காட்டினார், இனி ஒவ்வொரு நாளும் அவருக்கென்றே வாழ்வேன் என்று கண்ணீரோடு சொன்னேன். லாரி வந்ததைச் சொன்னேன், லாரி பக்கம் போனது நான்தான் என்பதைச் சொல்லவில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள். முதல் ஸ்டாப்பில் ஏறுகிற வாலு இருக்கிறாளே, அதுதான் ஒரு நிமிஷம் சீட்டில் உட்காராத சுட்டி, அவள் அம்மா வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு, அக்கா உங்க வண்டியில வர்றதாலதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்னு சொன்னாள். புடவையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்கூல் வண்டியோடு சிக்னலில் நிற்கிறேன், பின்னால் எல்லாரும் ஹார்ன் அடிக்கிறார்கள். பச்சை எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செத்த வீட்டில்கூட எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனுஷன், கையில் ஒட்டியிருந்த டைல்ஸ் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், நாளைக்கும் ஓட்டப் போறியான்னு ஒரே கேள்விதான் கேட்டார்.

இன்று காலை சாவியைக் கொண்டுபோய் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இப்ப ஆள் இல்லம்மா, இன்னிக்கு மட்டும் ஓட்டிடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சாவியைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வியாழனிலிருந்து நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததையே அவரும் சொன்னார். நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னு யார் சார் சொன்னதுன்னு கேட்டுவிட்டு வெளியே வந்தேன். முதல் ஸ்டாப்புக்கு நடந்தே போனேன். வாலுவும் அவள் அம்மாவும் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். தெருவிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஓட்டுனீங்களான்னு கேட்டாள், ஆமாம் என்றேன். திங்கக்கிழமையும்? ஆமாம். ஒரு சாபம் விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நானும் சேர்ந்து ஆமென் சொன்னேனே அக்கான்னு மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஏழு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் அப்பா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்குத் தலைக்கு ஸ்கேன். என்ன வரும் என்று தெரியாது. சாகப் பயமில்லை என்று எத்தனை வீட்டு ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன், பொய் சொல்லியிருக்கிறேன் மகளே, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்துமூன்று முகங்களையும் கொண்டுபோய் அந்த லாரியில் மோதியிருந்தால், என் நாளெல்லாம் உமக்கென்று எந்த வாயால் அவர் முன்னால் போய்ச் சொல்லியிருப்பேன்? உன் வார்டிலும் நீ யாரிடமாவது சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருக்கும். ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டோமே என்று அதோடு எழுந்துவிடாதே. அந்த ஆளிடமும் போய்ச் சொல், இன்றைக்கே சொல்.

உன் போக்கையும் வரத்தையும் உன் கையால் ஆகிற வேலையையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு. லீவு எடுத்து அலைய வேண்டாம், நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம் என்றுதான் எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வா.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா