கவிஞர் வீட்டு வாசலில் சப்பாத்துகள்

டூட்டிங், லண்டன்
3.9.1989

வாசுவின் அப்பாவுக்கு,

இப்படித் தொடங்கினால் உங்களுக்கு மூக்கு நுனியில் கோபம் வரும் என்று தெரியும். அவன் எனக்கு மகனில்லை என்று நீங்கள் சொல்லி மூன்று வருடமாகிறது. ஆனால் நான் வேறு எப்படி எழுதுவது? புருஷன் பெயரைச் சொல்லி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் படியுங்கள்.

நான் சுகம். முழங்கால் மட்டும் குளிருக்கு முன்னரே நோகத் தொடங்கிவிட்டது. உங்கள் பிரஷர் குளிசை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கொழும்பிலிருந்து அருட்பிரகாசம் மாஸ்டர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருவார். பக்கத்து வீட்டுத் தவமலர் சோறு கொண்டுவந்து தந்தால், நானே சமைப்பேன் என்று வீம்பு பேசாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். நீங்கள் வைக்கும் பருப்பை நானும் சாப்பிட்டிருக்கிறேன். சந்தியில் ஆமி நிற்கிற நாளில் புத்தகம் இரவல் வாங்க என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படவும் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இருந்துகொண்டு படியுங்கள். உங்கள் கவிஞர் பிறந்த ஊருக்கு நான் போய்வந்துவிட்டேன்.

முப்பது வருடம் வகுப்பில் அவருடைய பாட்டைக் கத்திக் கத்திப் படிப்பித்தது நீங்கள். சாகமுன் அந்த ஸ்கொட்லாந்துக் கிராமத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி என் காதைத் துளைத்ததும் நீங்கள். கடைசியில் போய் நின்றது, ஒரு வரி ஆங்கிலம் ஒழுங்காகப் பேசத் தெரியாத நான். கடவுள் ஆள் பார்த்துத்தான் பகிடி விடுகிறார்.

உங்கள் மருமகள் இம்மாகுலேற்றுடன் படித்த மெற்றில்டா என்ற பிள்ளை கிளாஸ்கோவில் நேர்ஸாக இருக்கிறாள். அவளுடைய குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மறுநாள் திரும்பி வர ஆயத்தப்படும்போது இம்மாகுலேற் வாசுவிடம், "மாமாவின்ரை கவிஞர் பிறந்த ஊர் இஞ்சையிருந்து கிட்டத்தானாம், மாமியைக் கூட்டிக்கொண்டு போவம்" என்றாள். நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. உங்களை ஒருநாளும் கண்டிராதவள் உங்கள் கவிஞரை நினைவில் வைத்திருக்கிறாள். எப்படி என்று கேட்டேன். வாசு பிள்ளையைக் குளிப்பாட்டும்போது நீங்கள் படிப்பித்த அந்தப் பாட்டைத்தான் சொல்லுவானாம், கேட்டுக் கேட்டுத் தனக்கும் பாதி மனப்பாடம் என்றாள். நானும் குளியலறைக்குள்ளிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஏதோ ரேடியோப் பாட்டு என்று நினைத்திருந்தேன்.

ஊர் என்றால் பெரிய ஊரில்லை. ஒரு தெரு, ஒரு பழைய பாலம், கூரையில்லாத ஒரு தேவாலயம், மழை. கவிஞரின் வீடோ வைக்கோல் வேய்ந்த பதிந்த வீடு. ஒரே கூரையின் கீழே ஒரு பக்கம் ஆட்கள், மறுபக்கம் மாடுகளாம். பெரிய மாளிகையைக் காட்டப்போகிறார்கள் என்று எண்ணிப் போன எனக்கு அதைக் கண்டதும் ஒருமாதிரி ஆகிவிட்டது. சுவருக்குள்ளே அலுமாரித் தட்டுப்போல ஒரு கட்டில் இருக்கிறது. அதில்தான் பிறந்தாராம்.

அந்த வாசலில் ஒரு வேலை செய்துவிட்டேன். நீங்கள் அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கோயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரித்தானே பேசுவீர்கள். கை தானாகப் போய்ச் சப்பாத்தைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டது. கழற்றிய பிறகுதான், உள்ளே நிற்கிற வெள்ளைக்காரர் எல்லோரும் சப்பாத்தோடு நிற்பதைக் கண்டேன். வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் இம்மாகுலேற் வெறுங்காலோடு நிற்கிறாள். பிள்ளையின் சின்னச் சப்பாத்தையும் கழற்றி என் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கழற்றத் தேவையில்லையாம் பிள்ளை என்றேன். "மடுமாதா கோயிலுக்கும் நாங்கள் செருப்போடை போறேல்லை மாமி, மாமாவுக்கு இது கோயிலெண்டால் எங்களுக்கும் கோயில்தான்" என்றாள். வேதக்காரி வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றீர்களே, அந்த வேதக்காரிதான்.

பிறகு வாசுவும் கழற்றினான். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி வரிசையாக இருந்த சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, இதுதான் இங்கே சட்டம் என்று நினைத்துத் தாங்களும் குனிந்து கழற்றத் தொடங்கினார்கள். வீட்டைக் காட்டும் அம்மாள் ஓடிவந்தாள். வாசு விளக்கிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உங்கள் குடும்பத்தில் யாருக்கு இவர்மேல் இவ்வளவு பக்தி என்று கேட்டாள். என் புருஷனுக்கு என்றேன். அவர் வரவில்லையா என்றாள்.

நான் என்ன சொல்ல? மகன் விரும்பியவளைக் கட்டினான் என்பதற்காக ஷெல் விழுந்த ஊரில் தனியே இருக்கிறார் என்று ஒரு வெள்ளைக்காரியிடம் சொல்ல முடியுமா? "லெக் பெயின். லண்டன்" என்று சொல்லிவிட்டேன். என் கால்நோவைத் தூக்கி உங்கள் காலில் போட்டுவிட்டேன், மன்னிக்கவும். அவள் விடவில்லை. தை மாதத்தில் கவிஞரின் பிறந்தநாளுக்கு ஊரார் கூடி விருந்து வைத்து அவர் பாட்டைச் சொல்வார்கள், கால் சுகமானதும் அவரைக் கட்டாயம் கூட்டிவாருங்கள் என்று விலாசத்தையும் வாங்கிக்கொண்டாள்.

பேத்தியைப் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் வருகிறேன் என்று வந்தவள் நான். சண்டை தொடங்கி வழி அடைபட்டது. பிறகு வழி திறந்தது, ஆனால் திரும்பி வா என்று நீங்கள் ஒருதரமாவது எழுதவில்லை. நீங்கள் வாருங்கள் என்று நான் எழுதாத கடிதமில்லை. வாசு அனுப்பிய ஸ்பொன்சர் கடிதத்தை உறைகூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினீர்கள். அன்றைக்கு அவன் இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. அதை உங்களுக்கு எழுதாமல் விட்டிருந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

உங்கள் கவிஞர் பிறந்த கட்டிலைத் தொட்டுக் கும்பிட்ட,
பாலாம்பிகை


டூட்டிங், லண்டன்
29.10.1989

வாசுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மூன்று பக்கம்! கல்யாணம் கட்டிய நாள்முதல் எனக்கு நீங்கள் இவ்வளவு எழுதியதில்லை. அந்தப் பாலத்துக்கு எத்தனை வளைவு, கட்டில் எந்தச் சுவரில் இருந்தது, சன்னல் இருந்ததா என்று கேள்விக்கு மேல் கேள்வி. எனக்கு எதுவும் தெரியாது. வந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பக்கத்திலும் வாசுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் கடைசி வரியில், "பிள்ளையையும் தாயையும் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க விடாதே, குளிர் பிடித்துவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் நாலைந்து தரம் படித்தேன். பிறகு இம்மாகுலேற்றுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். அன்றைய கறியில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

அவளைப் பற்றி இன்னும் ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு என்னை ஆர்ச்வே முருகனிடம் ரயிலில் கூட்டிப் போகிறாள். படி ஏறும்போது கை கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயப் பூசைக்குப் போக, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். இப்படித்தான் எங்கள் சமயச் சண்டை நடக்கிறது.

இப்போது நான் பயப்படுகிற விஷயம். போன கிழமை அந்தக் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. தடித்த அட்டையில் "மிஸ்டர் அன்ட் மிஸஸ் சபாரத்தினம்" என்று எழுதியிருக்கிறார்கள். இந்த நாட்டில் நம் இரண்டு பேருக்கும் சேர்ந்து வந்த முதல் கடிதம் அதுதான். அதோடு அந்த அம்மாள் தனியாக ஒரு துண்டும் வைத்திருந்தாள். ஐயாவின் கால் எப்படி இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் படிப்பித்தவர் எங்கள் மேசையில் அந்தப் பாட்டைச் சொன்னால் எங்களுக்குப் பெருமை என்று எழுதியிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். உண்மையை எழுதிவிடுவோமா என்று வாசு கேட்டான்.  வெள்ளம் தலைக்கு மேலே போனபின் சாண் என்ன, முழம் என்ன? வருவார் என்றே எழுது மகனே என்று சொல்லிவிட்டேன்.

அவன் உடனே எழுதவில்லை. "அப்பா வராட்டி என்னம்மா செய்யிறது?" என்றான். வராவிட்டால் நீ எழும்பிச் சொல்லு என்றேன். அன்றுமுதல் குளியலறையிலும் படிக்கட்டிலும் சொல்லிப் பார்க்கிறான். பிள்ளையும் சேர்ந்து மழலையில் கத்துகிறது. விருந்தில் ஆட்டிறைச்சியில் செய்த ஏதோ கொழுக்கட்டையைக் குழல் ஊதி ஊர்வலமாகக் கொண்டுவருவார்களாம். நீங்கள் திகைக்க வேண்டாம். இரண்டு பேருக்கு மரக்கறிச் சாப்பாடு என்று இம்மாகுலேற் எழுதிப்போட்டுவிட்டாள்.

கம்பளிக் காலுறையும் ஒரு சோடி வாங்கி வைத்திருக்கிறாள், உங்கள் கால் அளவு என்னவென்று என்னிடம் கேட்டு. அங்கே யாரும் கழற்றமாட்டார்கள், அவர் மட்டும் சப்பாத்தோடு போகவா போகிறார் என்கிறாள். ஆளைக் காணாமலே உங்களை அளந்து வைத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு வாசு புதிய ஸ்பொன்சர் கடிதம் வைத்திருக்கிறான். இந்தமுறை தனி உறையில் அல்ல, என் கடிதத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறோம். பிரிக்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு வழியில்லை. விசாவுக்குத் தரவேண்டிய தாள்களும் இருக்கின்றன. கையெழுத்து வைத்துக்கொண்டு கொழும்புக்கு வாருங்கள். அருட்பிரகாசம் மாஸ்டர் தன் வீட்டில் அறை ஒழுங்குசெய்து வைத்திருக்கிறார். இப்போது றோட்டும் ரயிலும் ஓடுகின்றன. எத்தனை நாளைக்கு ஓடும் என்று யாருக்குத் தெரியும்?

மகனோடு நீங்கள் பேசவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாட்டை மட்டும் சொல்லிக் கொடுங்கள். முன்பு வகுப்பில் பிழைவிட்டதற்கு அவனை நீங்கள் பிரம்பால் அடித்தீர்களே, பாட்டின் அந்த மூன்றாம் பந்தி, அங்கே வந்தவுடன் இன்றைக்கும் அவனுக்கு நா தடுக்குகிறது. முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

முருகனும் மடுமாதாவும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிரம்பை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாம் பந்தியில் நிற்கிற மகனோடு காத்திருக்கும்,
பாலாம்பிகை