காசநோய் பிடித்த பின்னல்

அனுப்புநர்:
எம்.எச். அஸீஸா (திருமதி றிம்சான்),
பாலர் பாடசாலை ஆசிரியை,
கடற்கரை வீதி,
சாய்ந்தமருது.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
வெளிநாட்டு விசா விண்ணப்பதாரர் மருத்துவப் பரிசோதனை நிலையம்,
கொழும்பு.

விடயம்: எனது தலைமுடிப் பின்னலுக்குக் காசநோய் எனத் தங்கள் நிலையம் கண்டறிந்தமையும், அதற்கு ஆறு மாத மருந்து விதித்தமையும் தொடர்பான முறைப்பாடு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களது நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். தங்கள் நிலையத்தின் கதிரைகளில் அமர்ந்திருந்துதான் அதைத் தெரிந்துகொண்டேன். எனவே சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வருகிறேன்.

2. எனது கணவர் றிம்சான், நியூசிலாந்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் ஹலால் முறையில் ஆடு அறுக்கும் வேலை செய்கிறார். கல்முனைச் சந்தையில் தமது வாப்பாவின் இறைச்சிக் கடையில் பழகிய தொழில். எங்களுக்குத் திருமணமாகி ஐந்தாம் மாதம் போனவர். மூன்று வருடங்கள் கடந்துவிட்டன. மனைவியை அழைத்துக்கொள்ளும் தகுதி அவருக்குக் கடந்த வருடம்தான் கிடைத்தது. பத்திரங்கள் எல்லாம் சரியென்று பதில் வந்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும் மிச்சம். தடிமல், இருமல்கூட எனக்கு அடிக்கடி வருவதில்லை என்பதால், இதுதான் இலகுவான பகுதி என்று நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்துக்கு நாங்களே பொறுப்பு. தங்கள் நிலையத்தை இதில் குறைகூற முடியாது.

3. சென்ற ஜனவரியில் எனது மூத்த சகோதரர் சுபியான் காக்காவுடன் கொழும்புக்கு வந்தேன். உறவினர் வீட்டில் காலையில் தலைமுழுகி, ஈரத் தலையை அவசரமாகப் பின்னிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே தங்கள் வாசலில் நின்றேன். எக்ஸ்றே அறையில் ஆண் ஊழியர் ஒருவர் மாத்திரம் இருந்தார். பெண் ஊழியர் இல்லையா என்று கேட்டேன். அவர் லீவில் என்றும், வேண்டுமானால் நான் வேறொரு நாளைக்கு வரலாம் என்றும் சொன்னார்கள். சாய்ந்தமருதிலிருந்து கொழும்புக்கு வருவதைப் பக்கத்துக் கடைக்குப் போய் வருவது போலத் தங்கள் ஊழியர்கள் நினைப்பது, இலங்கையின் வீதிகள் மீது அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையைக் காட்டுகிறது.

4. சங்கிலி, காப்பு, தோடு, முக்காட்டு ஊசிகள் எல்லாவற்றையும் கழற்றி வாங்கினார்கள். முக்காட்டை மட்டும் அணிந்திருக்க விட்டார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. எனது முடி இடுப்புக்குக் கீழே வரும். பின்னால் தொங்கவிட்டால் முக்காட்டுக்கு வெளியே வந்து அந்நிய ஆணின் கண்ணில் படும். ஆகவே எங்கள் ஊர்ப் பெண்கள் அவசரத்துக்குச் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பின்னலை வலது தோளுக்கு மேலால் முன்னே எடுத்து, தாங்கள் தந்த அங்கிக்குள் செருகிக்கொண்டேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். உடம்பில் உலோகம் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், முடி எங்கே என்று ஒரு தடவையாவது கேட்கவில்லை. அங்கிக்குள் ஒரு முழம் ஈரக் கயிறு கிடந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

5. இரண்டு வாரத்தில் அழைப்பு வந்தது. எனது வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிகிறதாம். காசநோய் என்று சந்தேகமாம். மூன்று காலைகளில் சளி தரவேண்டுமாம். இருமலே இல்லாதவளிடம் சளி கேட்டால் அவள் எங்கே போவாள்? கடைசியில் உப்புத் தண்ணீரின் ஆவியைப் பிடிக்கச் செய்து, இருமப் பழக்கினார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கொழும்பில்தான் உப்புக் காற்றைச் சுவாசிக்கக் கற்றுத்தந்தார்கள். அந்தச் சளியில் கிருமி வளர்கிறதா என்று இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வளரவில்லை. தங்கள் நிலையத்துக்கு இதில் ஏற்பட்ட ஏமாற்றத்துக்கு வருந்துகிறேன்.

6. இதற்கிடையில் சந்தேகம் ஊருக்கு வந்து சேர்ந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வீட்டுக்கு வந்து மிக மரியாதையாக விசாரித்தார். அவர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தியதே போதுமாக இருந்தது. பக்கத்து வீட்டு சல்மா உம்மா, "புள்ள, உனக்கு ஒண்டுமில்லதான். ஆனாலும் எங்கட வீட்டுப் புள்ளயளக் கொஞ்ச நாளைக்கித் தூக்காம இரி" என்றார். அவராவது முகத்துக்கு நேரே சொன்னார். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், கலியாண வீடு, வெளியூர்ப் பயணம் என்று காரணம் அனுப்பினார்கள். எனது பாலர் பாடசாலையில் இப்போது கதிரைகள் ஒழுங்காக இருக்கின்றன; இழுத்துப்போட ஆளில்லை.

7. ஏப்ரலில் இரண்டாவது எக்ஸ்றேக்கு வந்தேன். இம்முறை அல்ஹம்துலில்லாஹ், பெண் ஊழியர் லீவில் இருக்கவில்லை. முக்காட்டைக் கழற்றி, முடியை உச்சியில் கொண்டையாக முடிந்துகொண்டு நின்றேன். படத்தில் நிழல் இல்லை. நோய் இல்லை என்று சொல்லப் போகிறார்கள் என்று நான் கணவருக்குச் செய்தி அனுப்பத் தயாரானேன். ஆனால் தங்கள் வைத்தியர் விளக்கியது வேறு. நிழல் மாறாமல் இருந்தால் அது பழைய தழும்பு, பயமில்லை. நிழல் மாறினால் நோய் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஆறு மாதம் மருந்து எடுக்கவேண்டும். அதாவது, அன்றும் நான் பின்னலைப் பழைய இடத்திலேயே செருகியிருந்தால் இந்நேரம் விமானத்தில் ஏறியிருப்பேன். முதல் தடவை பின்னல் நெஞ்சின் மேல் கிடந்தது என்று அவரிடம் சொன்னேன். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தலைமயிர் எக்ஸ்றேயில் தெரியாது என்றார். எனது முடியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது படிப்பின் பயன்தான்.

8. மருந்தைத் தொடங்கும்படி எழுதித் தந்த கடிதத்துடன், எங்கள் பகுதியிலுள்ள அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த வைத்தியர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்டைக்கு உங்கட முடி எங்க கிடந்தது?" என்று கேட்டார். மூன்று மாதமாக நான் காத்திருந்த கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. அவர் பெண் ஊழியரை அழைத்து, ஈரப் பின்னலை முன்னே போட்டு ஒரு படமும், கொண்டை கட்டி ஒரு படமும் எடுக்கச் செய்தார். முன்னே போட்டால் நோய் வந்தது. தூக்கிக் கட்டினால் நோய் போனது. "நோயில்லாத ஆளுக்கு நான் மருந்து தரமாட்டன்" என்று கடிதமும் எழுதித் தந்தார். அந்தப் படங்களையும் கடிதத்தையும் தங்களுக்கு அனுப்பினேன். வெளியில் எடுத்த படங்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா, சிகிச்சையை முடித்த பின்னரே எனது விண்ணப்பக் கோவை மீண்டும் திறக்கப்படும் என்று பதில் வந்தது.

9. ஆகவே இன்றைய எனது நிலை: கொழும்பில் நான் நோயாளி, மருந்து குடித்தால்தான் குணமாவேன். ஊரில் நான் சுகதேகி. மருந்து தர ஆளில்லை. இப்படியே போனால் நான் இறக்கும்வரை நோயாளியாகவே ஆரோக்கியமாக வாழ்வேன்.

10. இதை இவ்வளவு நாளும் பொறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது முடியவில்லை. சென்ற மாதம் வேலைத்தலத்தில் கத்தி வழுக்கி எனது கணவரின் வலது உள்ளங்கை வெட்டுப்பட்டு, நரம்புகள் அறுந்து, சத்திரசிகிச்சை நடந்தது. விரல் நுனிவரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். வாடகை அறையில் தனியாக இருக்கிறார். ஐயா, அவர் இடக்கையால் சாப்பிட்டுப் பழகாதவர். அது அவருக்கு மனம் ஒப்பாத காரியம். உடன் வேலை செய்யும் முஸ்தாக் என்ற பிஜிக்காரச் சகோதரர், வேலை முடிந்து வரும் நாட்களில் ஊட்டிவிடுகிறார். அவர் வராத நாட்களில் நான் தொலைபேசியில் கேட்டால், "பசிக்கல்ல புள்ள" என்கிறார். நேற்று மட்டும், "இடக்கையால திண்டா சோறு உள்ள போகுதில்ல. நீ எப்ப வாற?" என்று கேட்டார். எனது பின்னல் குணமானதும் வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு, அவர் பட்டினியாகப் படுத்திருப்பதை நினைத்துக்கொண்டு, என் முன்னால் இருந்த சோற்றை நானும் மூடிவைத்தேன்.

11. எனவே பின்வருவனவற்றைத் தயவாக வேண்டுகிறேன்:

(அ) தங்கள் நிலையத்திலேயே, தங்கள் இயந்திரத்திலேயே, பெண் ஊழியரைக் கொண்டு என்னை மீண்டும் இரண்டு படங்கள் எடுக்கவும். முதலாவதில் ஈரப் பின்னலை அங்கிக்குள் செருகிக்கொள்வேன். போன நோயைத் தங்கள் கண்முன்னே திரும்ப வரவழைத்துக் காட்டுவேன். இரண்டாவதில் கொண்டை கட்டி அதைக் குணப்படுத்துவேன். இந்தச் சிகிச்சைக்கு ஆறு மாதம் தேவைப்படாது.

(ஆ) அதைப் பார்த்த பின்னர், தலைமயிர் எக்ஸ்றேயில் தெரியாது என்ற கருத்தில் தங்கள் வைத்தியர் தொடர்ந்தும் இருந்தால், அதைக் கையொப்பமிட்டு எழுத்தில் தரவும். எங்கள் மார்புநோய் வைத்தியர் அதைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

(இ) உலோகம் பற்றிய கேள்விக்குப் பக்கத்தில் முடி பற்றிய ஒரு கேள்வியையும் சேர்க்கவும். எங்கள் கரையிலிருந்து இனியும் பெண்கள் வருவார்கள். அவர்களும் முடியை மறைக்கத்தான் செய்வார்கள். பெண் ஊழியரின் லீவு நாட்களை முன்கூட்டியே அறிவித்தால் இன்னும் நல்லது.

12. மேலே எழுதியதில் மரியாதைக் குறைவு ஏதும் தென்பட்டால், அதையும் எனது நுரையீரலின் நிழல் போலக் கருதி, கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவும்; அது அங்கே இல்லாமலும் இருக்கலாம். கணவரின் கட்டு அவிழ்க்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன என்கிறார்கள். அதற்கு முன்னர் நான் போய்ச் சேரவேண்டும். கை குணமான பிறகு அவர் தானே சாப்பிட்டுக்கொள்வார். அப்போது போய்ச் சேர்ந்தால் நான் வெறும் விருந்தாளிதான்.

தங்கள் அழைப்பு கிடைத்த அன்றே பஸ் ஏறத் தயாராக இருக்கும்,

(ஒப்பம்)
எம்.எச். அஸீஸா

இடம்: சாய்ந்தமருது
திகதி: 16.06.2025

இணைப்புகள்:
1. தங்கள் நிலையத்தின் இரண்டு எக்ஸ்றே அறிக்கைகளின் பிரதிகள்.
2. மார்புநோய் வைத்தியரின் கடிதமும் அவர் எடுப்பித்த இரண்டு படங்களும்.
3. கணவரின் சத்திரசிகிச்சை அறிக்கையின் பிரதி.
4. பின்னல்: இணைக்கப்படவில்லை. நேரில் கொண்டுவரப்படும்.