ரெண்டு தட்டு

ஜனவரி 28

என்னைக் கேட்காமல் கிளம்பிப் போனவருக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்க மாட்டேன். சுகமாக இருக்க நினைக்கிற மனுஷன் அறுபத்தொன்பது வயதில் சைக்கிளை மிதித்துக்கொண்டு துறைமுகம் போய்ப் பாய்மரப் படகில் ஏற மாட்டான்.

டீ டம்ளருக்கு அடியில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். "புகை விடாத பயணம். பசங்களோடு போகிறேன். கவலைப்படாதே." அவ்வளவுதான். இன்றைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரனுக்கு எழுதுகிற சீட்டில்கூட இதைவிட மரியாதை இருக்கும்.

மகனைக் கூப்பிட்டுக் கேட்டால் சிரிக்கிறான். "அப்பாவுக்கு ஒரு ஆசைம்மா, விடுங்க. சைக்கிள், பாய்மரப் படகு, மறுபடியும் சைக்கிள். ஒரு பொட்டுப் புகை இல்லாம நாடு விட்டு நாடு போறாங்க. பேப்பர்ல போட்டோகூட வந்திருக்கு." பார்த்தேன் அந்தப் போட்டோவை. பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகள் நடுவில், தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஹெல்மெட் போட்டுக்கொண்டு பல் தெரிய நிற்கிறீர்கள். நம் கல்யாணப் போட்டோவில் இந்தப் பல் தெரியவில்லை.

ஆயுசு பூராவும் பஸ் டிப்போவில் டீசலில் குளித்த எஞ்சின் மேஸ்திரி நீங்கள். உங்கள் சட்டைக் காலரில் இருந்த கரியைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகை போய்விட்டது. ஊரே இருமும்போது "வண்டின்னா புகை வரத்தான் செய்யும்" என்று சொன்ன வாய், இப்போது புகை விடாத பயணம் என்கிறது. பூனை சைவமான கதை.

உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. கல்யாணமான புதிதில் சைக்கிள் கேரியரில் என்னை வைத்து ஓட்டுவீர்கள். நான் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் முதுகில் ரெண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டினால்தான் மிதிப்பீர்கள். நீங்கள் வைத்த சட்டம்தான் அது. அன்றைக்கு உங்கள் அக்கா வீட்டுக்குப் போகிறோம். சந்தைத் தெருவில் ஒரே கூட்டம். நான் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறப்போகிறேன். பின்னால் மூட்டை தூக்கி வந்தவன் "நகருய்யா, நகரு" என்று உங்கள் முதுகில் ரெண்டு தட்டு தட்டினான். நீங்கள் பாட்டுக்கு மிதித்துப் போய்விட்டீர்கள். நான் கத்தினேன். கேட்கவில்லை. அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி, "இறங்கு" என்று காலி கேரியரைப் பார்த்துச் சொன்னீர்களாம். வழி நெடுக டிப்போ கதையெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறீர்கள்! நான் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தபோது என்ன சொன்னீர்கள்? "நீ ஒரு 'ம்' கூடச் சொல்லலையே, கோபமா இருக்கேன்னு நினைச்சேன்." உங்கள் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போய்ச் சேர்ந்துவிட்டாள், இருந்தாலும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

இப்போதும் அதேதான். நான் ஏறினேனா என்று திரும்பிப் பார்க்காமல் மிதித்துவிட்டீர்கள்.

போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசினால் "சிக்னல் இல்லை" என்று வைத்துவிடுவீர்கள். கடுதாசி என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். படகு நிற்கிற துறைமுக விலாசமெல்லாம் மகனிடம் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காலி கேரியர்

*

பிப்ரவரி 19

என் வீட்டு எஜமானிக்கு,

கடிதம் கிடைத்தது. முழுக்கப் படித்தேன். பையன்கள் "மேஸ்திரி தாத்தா, லவ் லெட்டரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். உன் கடிதத்தின் காரம் என் கண்ணில் தெரிந்திருக்கும், நம்பவில்லை.

உடம்பு பரவாயில்லை. மலைப்பாதையில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். படகில் முதல் மூன்று நாள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. இப்போது பழகிவிட்டது. படகுக்காரம்மா கெட்டிக்காரி. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதை ஏமாற்றி நாம் போகிற பக்கம் இழுத்துவிடுகிறாள். உன்னைப் போல. பாய் கிழிந்தால் தைக்கிற வேலை எனக்கு. நீ தைக்கும்போது பார்த்துக் கற்றுக்கொண்டது.

எஞ்சின் சத்தமே இல்லாமல் ஒரு வண்டி நகரும் என்று எனக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது. முதலில் பயமாக இருந்தது. வண்டி நின்றுவிட்டதோ என்று அடிக்கடி எழுந்து பார்த்தேன்.

இரத்த அழுத்த மாத்திரை போடுகிறேன். நீயும் போடு. எங்கே போகிறோம் என்று கேட்காதே. இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 6

திருடனுக்கு,

ஆமாம், திருடன்தான்.

நேற்று என் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பழைய போர்வைக்குக் கீழே நான் தைத்து வைத்திருந்த சின்னக் கவுன்கள் ஒன்றுகூட இல்லை. வீட்டைப் புரட்டிப் போட்டேன். வேலைக்கார அம்மாவைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அவள் அழுதுகொண்டே போனாள். அந்தப் பாவமும் உங்கள் கணக்கில்தான். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. பாய் தைக்கக் கற்றுக்கொண்டது என்னைப் பார்த்து என்று எழுதினீர்களே. நான் மெஷினில் உட்கார்ந்தால் நீங்கள் அந்தப் பக்கமே திரும்பியதில்லையே, எப்போது பார்த்தீர்கள்? அப்படியென்றால் உங்களுக்கு எல்லாம் தெரியும். வருஷா வருஷம் யாருக்குத் தைத்தேன் என்று தெரியும். தெரிந்தே முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறீர்கள்.

அப்போதே தெரிந்துவிட்டது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று. நம் மகளிடம் போகிறீர்கள்.

ஒன்பது வருஷம்! அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்னது யார்? நானா? அவள் படித்தது காற்றை அளக்கிற படிப்பு. அரசாங்கம் அனுப்பி உங்கள் டிப்போவுக்கு வந்தாள், புகையை அளந்தாள், இந்த பஸ்ஸெல்லாம் ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். டிப்போவை மூடினார்கள். வேலை போனவர்கள் நம் வாசலில் வந்து நின்றார்கள். அது கஷ்டம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. அதற்காக, பெற்ற பெண்ணைப் பார்த்து "அப்பன் சோத்துல மண்ணைப் போட்டவ, வெளியே போ. உன் வாசலை மிதிச்சா நான் மனுஷனே இல்லை" என்று சொல்லலாமா? அவள் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ஒரு சொட்டு டீசல் எரிக்காம என் வாசல் வரைக்கும் வந்து பாருங்க. அன்னைக்குக் கதவைத் திறக்கிறேன்." கடலுக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்துப் போகிற பெண் சொன்னது. நடக்காத காரியம் என்று நினைத்துச் சொன்னது. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்பனும் மகளும் ஒரே கல்லில் செதுக்கின பிடிவாதம்.

நடுவில் நான். அவள் பிரசவத்துக்கு நான் போகவில்லை. "போனா அங்கேயே இருந்துக்கோ" என்றீர்கள். பேத்தி பிறந்த சேதியை மகன் சமையலறையில் வைத்து என் காதில் சொன்னான், திருட்டுச் சேதி மாதிரி. பேத்தியின் உயரம் தெரியாமல் எதிர்வீட்டுக் குழந்தையை அளந்து அளந்து கவுன் தைத்தேன். மறைத்து வைத்தது நான், தூக்கிக்கொண்டு போனது நீங்கள். அதைப் பேத்தி கையில் கொடுத்து, "தாத்தா கொண்டு வந்தேன்" என்று சொல்லப் போகிறீர்கள். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என்னுடையது. நான் ஊசி ஊசியாகக் குத்திச் சம்பாதித்தது. அதை நீங்கள் வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள்.

அப்படிச் செய்தீர்களானால் திரும்பி வர வேண்டாம். கதவு உங்களுக்குத் திறக்காது. இது கோபத்தில் எழுதுவதில்லை. நேற்றைக்குக் கோபம். இன்றைக்கு யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பேத்தியைப் பார்க்காத பாட்டி

*

ஏப்ரல் 2

என் வீட்டு எஜமானிக்கு,

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

உன்னிடம் சொல்லியிருந்தால் "நானும் வருகிறேன்" என்பாய். அவள் கதவைத் திறக்காவிட்டால் உன் கண் முன்னால் நான் நிற்க வேண்டுமே, அந்த பயம்தான். வேறு காரணம் சொன்னால் அது புளுகு.

ஒன்று சொல்கிறேன், திட்டாமல் கேள். போன வாரம் காற்று சுத்தமாகச் செத்துவிட்டது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, படகு நகரவில்லை. தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. ஆபத்துக்கென்று இந்தப் படகிலும் ஒரு சின்ன டீசல் எஞ்சின் உண்டு. அதை முடுக்கினார்கள், இருமிவிட்டு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாகத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? சரிசெய்து கொடுத்தேன். எஞ்சின் ஓடியது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனால் அதில் நான் போகவில்லை. படகோடு இருக்கும் சின்னத் துடுப்புப் படகில் சைக்கிளையும் பையையும் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். "தாத்தா, பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினார்கள். பாதி நாள் துடுப்புப் போட்டு, அவர்கள் காத்திருந்த கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கை ரெண்டும் கொப்புளம்.

இனி ஒரு கடலும் கொஞ்சம் சாலையும் பாக்கி. மே மாதம் கடைசி வாரம் அவள் வீட்டுக்குப் போய்ச் சேருவேன். மணியடிக்கத் தைரியம் வராது. கேட்டுக்கு வெளியே நிற்பேன். அவளாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

அந்த மூட்டைக்காரன் தட்டியதற்கும் நீ தட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாமல் போனது எப்படி என்று கடலில் நிறைய யோசித்தேன். நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

கவுன் பையை இன்னும் திறக்கவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

*

மே 23

கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு,

திடுக்கிட வேண்டாம். இந்தக் கடுதாசியைக் கொண்டு வந்து கொடுப்பவள் உங்கள் பேத்திதான். கையை நீட்டாதீர்கள். முதலில் உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே மகளுக்கு எழுதினேன். ஒன்பது வருஷத்தில் முதல் கடுதாசி. "அம்மா வரட்டுமா" என்று மட்டும் கேட்டேன். மறுவாரமே டிக்கெட் வந்தது. மகன் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தான். ஆமாம், பிளேனில்தான் வந்தேன். டீசல் சபதம் உங்களுக்கும் அவளுக்கும். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வந்திறங்கியதும் உங்கள் மகள், "அம்மா, அவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு புகை தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். "உங்கப்பன் விட்ட புகையில இது தூசுடி" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள். ஊருக்குத் திரும்பும்போது நான் கப்பலோ ரயிலோ பார்த்துக்கொள்வதாக வாக்கு வாங்கியிருக்கிறாள்.

நான் வந்து ஒரு வாரம் ஆகிறது. மாடி ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறேன். இன்று காலை, "பாட்டி, ஒரு தாத்தா சைக்கிளோட நம்ம கேட்டுக்கிட்ட நிக்கறாரு, உள்ளயும் வரலை, போகவும் மாட்டேங்கறாரு" என்று இவள் ஓடி வந்தாள். எட்டிப் பார்த்தேன். கறுத்துப் போயிருக்கிறீர்கள். கன்னம் ஒட்டிவிட்டது. பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததில் இன்னும் கோபம் வந்தது.

இவள் உயரத்தைப் பார்த்தீர்களா? எதிர்வீட்டுப் பிள்ளையைவிட ஒரு சாண் கூட. நீங்கள் கடல் தாண்டிச் சுமந்து வந்திருக்கிற கவுனில் ஒன்றுகூட இவளுக்குப் போட முடியாது. இருப்பதிலேயே பெரிய கவுன்கூட இடுப்புக்குக் கீழே கொஞ்சம் வரும், அவ்வளவுதான். இவள் தவழ்ந்தபோது போடவேண்டியது, நடந்தபோது போடவேண்டியது, எல்லாம் என் பெட்டியில் கிடந்தது. அதை எப்படித் திருப்பித் தருவீர்கள்? எந்தக் காற்றில் பாய் விரித்து அதை எடுத்து வருவீர்கள்? நான் கோபத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்தீர்களானால் அதைவிட ஏமாளித்தனம் கிடையாது. சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். பக்கத்தில் இருந்து சொல்லிக் காட்டுவதா, இல்லையா என்பது மட்டும்தான் பாக்கி.

உங்கள் மகள் இன்னும் ஜன்னல் பக்கம் வரவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். துடுப்புப் போட்டு வந்ததை நான் சொல்லியிருக்கிறேன். "அந்த எஞ்சினைச் சரிபண்ணிக் கொடுத்தாரா, இல்லையா?" என்று கேட்டாள். "கொடுத்தார்" என்றேன். "தாகத்தில் இருந்தவங்களை விட்டுட்டு வரலையே" என்று மட்டும் சொன்னாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவள்தான், கதவைத் திறப்பாள். ஆனால் அவளுக்கு முன்னால் நான் இருக்கிறேன்.

பையை இவளிடம் கொடுக்காதீர்கள். என் கையில் கொடுங்கள். எந்தெந்த வயசுக்குத் தைத்தது என்று நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 'ம்' கொட்டுங்கள். கொட்டாவிட்டால் எழுந்து போய்விடுவேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் கீழே வந்து, கேட்டுக்கு உள்பக்கம் நிற்பேன். தாழ்ப்பாள் என் கையில்தான். நீங்கள் வைத்த சட்டப்படிதான் எல்லாம் நடக்கும். கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாருங்கள். பின்னால் எவனாவது மூட்டை தூக்கி வருகிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தட்டுங்கள். ரெண்டு தட்டு.

இப்படிக்கு,
ஏறாதவள்