சர்க்கரை இல்லாத டீ

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு சவூதி ஜுபைலிலிருந்து அப்பா எழுதுவது. உன் நலமறிய ஆவல். இங்கு நான் நலம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதாமல் விடுகிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். ரூமில் ஆறு பேர் இருக்கிறோம், போனில் பேசினால் எல்லாருக்கும் கேட்கும், அதனால்தான் காகிதம். பக்கத்துக் கட்டில் ஹசன் அலி வியாழக்கிழமை லீவில் போகிறான், திருச்சியில் இறங்கியதும் தபாலில் சேர்த்துவிடுவான். அம்மா கொடுத்தனுப்பிய பாகற்காய் வற்றல் வந்தது. முழங்கால் வலி எப்படி என்று கேட்டால் அவள் எனக்குச் சரியாகச் சொல்வதில்லை, நீ கேட்டுச் சொல்.

போன வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து பேசினாய். மூன்று மாதமாகத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன் என்றாய். நான் என்ன சொன்னேன்? எல்லாம் சரியாப் போயிடும், சாமியைக் கும்பிட்டுட்டுப் படு, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஏது டூட்டி? சாயங்காலம் வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். பயந்துவிட்டேன் பானு. நீ சொன்னதெல்லாம் எனக்கும் நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. சைட் வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் பஸ்ஸில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது. தம்மாமில் ஒரு மலையாள டாக்டர், இது மனச்சோர்வு, இதற்கு மருந்து இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். பைத்தியம் என்று பெயர் வந்து வேலை போய்விடுமோ என்று பயந்து, சர்க்கரை மாத்திரை என்று ரூமில் சொல்லிவிட்டேன், வீட்டிலும் அதையேதான் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குச் சர்க்கரை இல்லாத டீ. போன லீவில் லட்டுக்குக் கை நீட்டினேன், நீ தட்டைப் பிடுங்கிக்கொண்டு திட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? அம்மா பாவம், இன்னும் பாகற்காய் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். சிரிக்காதே. மாத்திரையில் தூக்கம் வந்தது, நாக்குக்கு ருசி வந்தது, ஆனால் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லை. ஆறு பேருக்கு நடுவில் தனியாகத்தான் இருந்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஹசன் அலிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, அவனுக்கு நிஜமாகவே சர்க்கரை. உங்கள்ட்ட இருக்குறதுல ஒண்ணு குடுங்கண்ணே என்று கேட்டான். நான் திருதிருவென்று முழித்தேன். ஒரு மாத்திரைக்கா இம்புட்டு யோசனை என்று அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவன் எழுந்துபோய் டீ போட்டு, என் கிளாஸில் மட்டும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கலக்கி வைத்தான். ரெண்டு வருசமா என்னோட சேர்ந்து சப்புனு குடிச்சீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே, டாக்டர்ட்ட நானும் கூட வந்திருப்பேன்ல என்று கேட்டான். அழுதுவிட்டேன். எந்தக் குழாயையும் திறக்கவில்லை.

அன்றைக்கு உனக்கு நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. இது கோழைத்தனமும் இல்லை, செய்வினையும் இல்லை, உடம்புக்கு வருகிற மாதிரி மனசுக்கும் வரும். இந்த வாரமே மனநல டாக்டரைப் பார். தனியாகப் போகாதே, உன் ரூம் சப்ரீனாவிடம் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போ. மாத்திரை கொடுத்தால் நீயாக நிறுத்திவிடாதே. என் விஷயத்தை அம்மாவிடம் வரும் வெள்ளிக்கிழமை நானே சொல்லிவிடுகிறேன். நீ எந்த நேரமானாலும் கூப்பிடு, இனி டூட்டி என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, நூறு வருஷம் இருக்க வேண்டும் நீ.

டாக்டர் எதிரில் உட்கார்ந்து சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை எடுத்துக் கொடு, எங்கப்பாவுக்கும் இருக்கு என்று சொல். அதற்காகத்தான் கீழே பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கார்மேகம் மகன் அம்மையப்பன்