சங்கிலிக்காரனுக்கு மாற்று ஆள்

நெப்ராஸ்கா,
ஏப்ரல் 24

அன்புள்ள ஜோலீனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் இடது கணுக்காலைத் தவிர. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், சிரிப்பதானால் உட்கார்ந்து சிரி. நீ இருக்கும் அலாஸ்காவில் இன்னும் பனி உருகவில்லையாமே, இங்கே சோளம் விதைக்க டிராக்டர்கள் இறங்கிவிட்டன.

நம் கல்லூரி ஃபுட்பால் அணியின் வசந்தகாலப் பயிற்சி போன வாரம் முடிந்தது. வழக்கம்போல யாரும் கேட்காமலே நான் ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள் யார், அவனுக்கு அடிபட்டால் அடுத்து இறங்க யார் என்று. பந்து எறிகிறவனுக்குப் பின்னால் இரண்டு நல்ல பையன்கள் இருக்கிறார்கள். தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில்தான் ஒரே ஒருத்தன், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பக்கம் கதவில்லாத வீடு. பயிற்சியாளருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று முடிவெட்டும் கடையில் அரைமணி நேரம் அளந்தேன். நான் ஆடியது பள்ளியில் ஒரே வருஷம், அதிலும் தேய்ந்தது பெஞ்சுதான்.

இருபத்தேழு வருஷமாக மைதான ஓரத்தில், பந்து போதுமான தூரம் முன்னேறியதா என்று அளக்கும் பத்து கஜச் சங்கிலியின் ஒரு முனைக் குச்சியைப் பிடிக்கிறவன் நான். ஆட்டம் நம் பக்கம் வந்தால் குச்சியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதுதான். பயிற்சியின் கடைசி நாள் ஆட்டத்தில் குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குனிந்து பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஓட்டக்காரர்களில் நாலாவதாக இருந்த ட்ரெவின் என்ற பையனுக்கு எதிரே "ரொம்ப மெதுவு" என்று எழுதி முடிப்பதற்குள் அவனே வந்து என் மேல் விழுந்தான்.

மறுநாள் டோனட் பெட்டியோடு மன்னிப்புக் கேட்க வந்தவன், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துவிட்டு, "மெதுவா வந்ததுக்கே கால் போச்சே சார், வேகமா வந்திருந்தா என்ன ஆயிருப்பீங்க" என்றான். அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். அவனை இரண்டாவது இடத்துக்கு ஏற்றிவிட்டேன், அவன் பலத்துக்கு நானே சாட்சி.

கணுக்காலில் இரண்டு திருகாணி போட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் நிற்கலாம், ஆனால் சட்டென்று விலகி ஓடுவதை மறந்துவிட வேண்டுமாம். அதைக் கேட்ட அம்மா, "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ரெண்டாவது மூணாவதுன்னு ஆள் போட்டீங்களே, உங்க குச்சிக்கு யாரு?" என்றாள். அவளே பென்சிலை எடுத்துப் பட்டியலின் அடியில் என் பெயரையும் அதற்குக் கீழே உன் பெயரையும் எழுதினாள். உன் பள்ளிக் கடைசி வருஷத்தில் எனக்குக் காய்ச்சல் என்று ஆலங்கட்டி மழையில் நீ குச்சி பிடித்து நின்றது அவளுக்கு மறக்கவில்லை.

மூன்று வருஷமாக ஃபோனில், லீவை வீணாக்காதே, வர வேண்டாம், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவருகிறேன். அது பொய், கண்ணு. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குச்சி பிடிக்க யாராவது கிடைப்பார்கள். உன் இடத்துக்கு மட்டும் என்னிடம் இரண்டாவது பெயர் இல்லை. செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமைதான் இந்த சீசனின் முதல் ஆட்டம்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. வந்தால் ஒன்றை மட்டும் மறக்காதே, ஆட்டம் நம் பக்கம் வந்தால் குச்சியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடு.

காயம்பட்டோர் வரிசையில் முதல் ஆளான,
உன் அப்பா
டுவெய்ன் குச்சேரா